தலைவர் கதவைத் திறக்கிறார்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. புதிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் முன்வாசலில் இருந்த கண்ணாடிக் கதவு அது. லேசாகத் தள்ளினால் சத்தமில்லாமல் உள்பக்கம் திறக்கும். பெயின்ட் அடித்தவர்கள், மெஷின் தூக்கி வந்தவர்கள், பெருக்கித் துடைத்த அம்மாக்கள் என்று எல்லாரும் அதைத் தள்ளித்தான் போய் வந்தார்கள். கையில் வாளி இருந்தவர்கள் இடுப்பால் தள்ளினார்கள். ஒருவரும் ஒரு புகாரும் சொன்னதில்லை. நாட்டை ஆளும் கட்சியின் தலைவருக்கு மட்டும்தான் அது திறக்கவில்லை.

அவர் கதவைத் திறக்க வேண்டி வந்ததே ஒரு தனிக்கதை. முன்பெல்லாம் திறப்பு விழா என்றால் ரிப்பன் வெட்டுவார்கள். தேர்தல் அறிவித்த கையோடு நடந்த ஒரு பாலத் திறப்பு விழாவில், தலைவர் ரிப்பனுக்குப் பதிலாக மைக் வயரை வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அரைமணி நேரம் பேசியது யார் காதிலும் விழவில்லை. சமீப காலத்தில் மக்களிடம் நல்ல வரவேற்பைப் பெற்ற அவருடைய பேச்சு அது ஒன்றுதான். ஆனாலும் இனிமேல் தலைவர் கையில் கத்தரிக்கோல் கொடுக்கக்கூடாது, வெறுங்கையால் கதவைத் திறந்தால் போதும் என்று கட்சி முடிவெடுத்தது. "கதவைத் திறக்கறதுல என்ன ஆயிடப் போகுது?" என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். அவர் இப்போது கட்சியில் இல்லை.

கட்சிக்கு அது போதாத காலம். வாக்குக் கேட்டுக் கடைவீதியில் நடந்த தலைவர், ஜவுளிக்கடை வாசலில் சட்டை மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையின் கையைப் பிடித்துக் குலுக்கி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். கை கழன்று அவரோடேயே வந்துவிட்டது. வெள்ளம் பார்க்கப் போன இடத்தில், கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துப் படகிலிருந்தபடியே, "தண்ணிப் பிரச்சினையெல்லாம் தீர்ந்துச்சா?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் கருத்துக்கணிப்பில் கட்சி ஒரு படி கீழே இறங்கியது. ஒவ்வொரு தடவையும் விளக்கக் குழுவின் செயலாளர் டிவியில் தோன்றி, பேச முடியாதவர்களிடமும் நலம் விசாரிக்கும் ஒரே தலைவர் எங்கள் தலைவர் என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுப் போனார். ஊரில் அவருக்குப் பெயரே 'விளக்கம்' என்று ஆகிவிட்டது. அவருடைய கொள்கை எளிமையானது. தலைவரைத் திருத்தினால், தலைவர் தப்புச் செய்தார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே தலைவரை அப்படியே விட்டுவிட்டு உலகத்தைத் திருத்த வேண்டும்.

இப்போது இதில் எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு பஸ் கண்டக்டர் வருகிறார். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். தள்ளிப்போனால் கால் வீங்கும், பிறகு முகம் வீங்கும், அதற்குப் பிறகு மூச்சு வாங்கும். பழைய ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டிருந்த வைத்தியம்தான். ஆனால் பழைய வார்டிலிருந்த மெஷின்களை எல்லாம் புதிய கட்டடத்துக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். தலைவர் வந்து திறந்துவைத்தால்தான் புதிய கட்டடம் வேலை செய்யும். தலைவருக்குப் பிரச்சாரத்தில் நேரமில்லை. அதனால் கண்டக்டர் மனைவியைக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் அரைநாள் தூரமுள்ள பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்.

மனைவியின் தம்பி கட்சியில் ஏதோ ஒரு பொறுப்பில் இருந்தான். ஒருநாள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, தலைவர் தேதி குடுத்துட்டாரு! அக்காதான் முதல் நோயாளி. கதவுக்கு உள்பக்கம் வீல்சேர்ல உக்காரவச்சிருப்பாங்க. தலைவர் கதவைத் திறந்து உள்ள வந்து அக்கா தலையில கைவைப்பாரு. உடனே மெஷின்ல ஏத்திடுவாங்க."

"கைய வெக்கட்டும், கால வெக்கட்டும். மெஷின்ல ஏத்தினா சரி," என்றாள் அக்கா.

அந்த நாளும் வந்தது. வீல்சேரில் மனைவி, பின்னால் கண்டக்டர், அவருக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் மெஷின்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைவர், அமைச்சர்கள், டிவிக்காரர்கள். தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தார். சிரிப்பு குறைந்தது. இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். பின்னால் இருந்த அமைச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைவரைப் பொதுவிடத்தில் திருத்திய கடைசி அமைச்சர் இப்போது மீன்வளத்துறையில், கடலே இல்லாத ஒரு மாவட்டத்தில் இருக்கிறார். கடைசியில் கை வழுக்கி, தலைவர் பின்னால் நின்ற சுகாதார அமைச்சரையும் கீழே சாய்த்து, அவர் மடியில் போய் உட்கார்ந்தார். எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு, "இன்னிக்கு ஆஸ்பத்திரி லீவு போல இருக்கு," என்று மைக்கில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

கண்டக்டரின் மனைவி சிரித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. நாட்டில் அந்த நேரத்தில் டிவி பார்த்த எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவள் அவள் ஒருத்திதான், அதையும் டிவிக்காரர்கள் பக்கத்தில் போய்ப் படம் பிடித்துவிட்டார்கள்.

சிரித்து முடித்தபோது அவளைப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"சார், மெஷின்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"திறப்பு விழாவே நடக்கலையே," என்றார் பெரிய டாக்டர்.

"நாங்க உள்ளதானே சார் இருந்தோம்?"

"திறக்காத வார்டுக்குள்ள ஒருத்தர் இருந்தா, சட்டப்படி அவர் எங்கயும் இல்லைன்னு அர்த்தம். நான் ரூல் பேசறேன்னு நினைக்காதீங்க. எனக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் சர்வீஸ் இருக்கு. என்னையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

கண்டக்டர் அவரையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தார். அப்போதும் மனைவியின் கால் வீங்கித்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே விளக்கம் வந்தது. தலைவர் கதவைத் திறக்க முயலவில்லை, மக்கள் வரிப்பணத்தில் செய்த கதவு உறுதியாக இருக்கிறதா என்று சோதித்தார். கதவு சோதனையில் தேறிவிட்டது. ஆகவே ஆஸ்பத்திரி திறக்கப்பட்டுவிட்டது. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் அதுதான். அந்தப் பேப்பரைத்தான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்தவர் கண்டக்டரிடம் எடுத்துக் காட்டினார்.

"உங்க ஊர்லதான் திறந்துட்டாங்களே. இனிமே வெளியூர்க்காரங்களை இங்க எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்துடுச்சு."

"அங்க திறக்கலைங்கறாங்க சார்."

"அப்ப பேப்பர்ல பொய்யா போடுவாங்க?"

ஆக, பக்கத்து ஊரைப் பொறுத்தவரை வார்டு திறந்திருந்தது, சொந்த ஊரைப் பொறுத்தவரை மூடியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் மனைவி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதால் ஒரு ஐஸ்கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுவதும் ஏறுகிறவர்களை ஏற்றி இறங்குகிறவர்களை இறக்கிவிட்ட மனிதருக்கு, தன் வீட்டுக்காரியை எங்கே கொண்டுபோய் ஏற்றுவதென்று தெரியவில்லை.

மச்சானைக் கூட்டிக்கொண்டு கட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கே எல்லாக் கதவுகளையும் அகலத் திறந்து செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். கதவை இழுப்பதா தள்ளுவதா என்பதில் மேலிடம் இன்னும் முடிவு சொல்லவில்லை, அதுவரை தொண்டர்கள் எதையும் செய்துவிடக் கூடாது என்று மச்சான் காதோடு சொன்னான். கழிப்பறைக் கதவுக்கும் செங்கல்தான். உள்ளே இருந்தவர் கண்டக்டருக்கு வணக்கம் சொன்னார்.

விளக்கம் அவர்களை அன்பாக வரவேற்றார். களைத்துப்போன முகம்.

"உங்க வீட்டம்மா சிரிச்சாங்க," என்றார்.

"ஏதோ தெரியாம சிரிச்சுட்டா ஐயா."

"தெரியாமத்தான் சிரிச்சாங்கன்னு டிவியில சொல்லணும். ரத்தத்துல உப்பு ஏறினா மூளையில குழப்பம் வரும், சம்பந்தமில்லாம சிரிப்பு வரும்னு. டாக்டர்கிட்ட கேட்டுட்டோம். அப்படி வரவும் வாய்ப்பிருக்குன்னு சொல்லிட்டாரு."

"சொன்னா மெஷின்ல ஏத்துவீங்களா?"

"தம்பி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா என் கஷ்டம் யாருக்குப் புரியுது? தினமும் காலையில எந்திரிச்சு டிவியப் போடவே பயமா இருக்கு. மக்களுக்கு ஆஸ்பத்திரி கட்டறது பெரிய விஷயமில்ல. பணம் இருந்தா எவனும் கட்டுவான். அந்த ஆஸ்பத்திரி தலைவருக்குத் தலைகுனிவா ஆயிடாம பாத்துக்கணும் பாருங்க, அதுதான் ஆட்சி. இப்ப பின்வாசல் வழியா உங்க வீட்டம்மாவை ஏத்தினா, கதவு திறக்காமலே வார்டு ஓடும்னு ஊருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் தலைவர் எதுக்குன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி மட்டும் வந்துடக் கூடாது. அதுக்கு மட்டும் என்கிட்ட விளக்கம் இல்ல."

சொல்லிவிட்டு அவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டருக்கு அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

டிவியில் கண்டக்டர் சொன்னார். என் மனைவிக்குப் புத்தி தடுமாறியிருந்தது, அதனால்தான் சிரித்தாள், மற்றபடி அவளுக்குத் தலைவர் மேல் மிகுந்த மரியாதை உண்டு. வீட்டுக்கு வந்தபோது மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நான் லூசுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டீங்களா?"

"உன்னை மெஷின்ல ஏத்தணும்மா. அதுக்கு என்ன வேணா சொல்லுவேன்."

"அப்படியாவது ஏத்தறாங்களா?"

"இன்னொரு தடவை திறப்பு விழா வெக்கறாங்களாம்."

அவள் மறுபடி சிரிக்கப் பார்த்தாள். மூச்சு போதவில்லை. கண்டக்டர் அவள் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தார். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே நின்றது. அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

இதற்கிடையில் நாடு வேறொரு திசையில் போய்க்கொண்டிருந்தது. மேலிடத்து முடிவு வந்துவிட்டது: இழுப்பதே சரி. தலைவர் இழுத்ததால் அது சரி. 'மக்களைத் தன் பக்கம் இழுக்கும் தலைவர்' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். விசுவாசிகள் எந்தக் கதவைக் கண்டாலும் இழுத்தார்கள். நிதியமைச்சர் தன் அறைக்குள் போக முடியாமல் ஒருநாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்து கோப்பு பார்த்தார். எதிர்க்கட்சி மட்டும் சளைத்ததா? அவர்களுடைய தலைவர் ஊர் ஊராகப் போய் மேடைமேல் ஒரு கதவை நிறுத்தி அதைத் திறந்து காட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. திறந்து அந்தப் பக்கம் போன பிறகு என்ன செய்வீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது திறப்பு விழாவில் எந்தத் தவறும் நடக்கக்கூடாது என்று கட்சி இரண்டு ரகசியக் குழுக்களை அமைத்தது. கதவுக் குழு ராவோடு ராவாகக் கதவைக் கழற்றி, இழுத்தால் திறக்கிற மாதிரி மாற்றி மாட்டியது. பயிற்சிக் குழு தலைவர் வீட்டுத் தோட்டத்தில் அதே மாதிரி ஒரு கண்ணாடிக் கதவை நிறுத்தி, தலைவருக்குத் தள்ளக் கற்றுக்கொடுத்தது. தலைவர் முதலில் தடுமாறினாலும் போகப்போக நன்றாகத் தள்ளினாராம். கைப்பிடியைத் தொட்டாலே தோள் தானாக முன்னால் போகும் அளவுக்குப் பழகிவிட்டார். இரண்டு குழுவும் ரகசியக் குழு என்பதால், ஒன்று செய்தது இன்னொன்றுக்குத் தெரியாது. இரண்டையும் அமைத்தவர் விளக்கம்தான். அவரும் ரகசியம் கருதி இரண்டையும் என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை முதல் நோயாளி மாறிவிட்டார். சிரிக்கக்கூடிய நோயாளி வேண்டாமென்று, நல்ல திடகாத்திரமான மகளிர் அணிச் செயலாளரை முகம் வெளிறித் தெரிய பவுடர் பூசி மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கையில் படுக்கவைத்தார்கள். கண்டக்டரின் மனைவி வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக, வீல்சேரில் இருந்தாள். முகம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. பேச்சு நின்றுபோயிருந்தது. விழா முடிந்ததும் அக்காதான் என்று மச்சான் சத்தியம் செய்திருந்தான்.

தலைவர் வந்தார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கைப்பிடியைத் தொட்டார். தோள் தானாக முன்னால் போனது.

கதவு அசையவில்லை.

பின்னால் இருந்த அமைச்சர்கள் வெளிறிப்போனார்கள். தலைவர் மறுபடி தள்ளினார். தோட்டத்தில் கற்றுக்கொடுத்தபடி ஒரு அடி பின்வாங்கி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தள்ளினார். "கேமராவை மறைங்க! கேமராவை மறைங்க!" என்று விளக்கம் அலறினார். தொண்டர்கள், போலீஸ்காரர்கள், கையில் கிடைத்த எல்லாரும் ஓடிவந்து தலைவரைச் சுற்றி முதுகைக் காட்டிக்கொண்டு சுவராக நின்றார்கள். ஆள் போதாமல் பின்வாசல் காவலுக்கு இருந்த போலீஸ்காரரையும் கூப்பிட்டார்கள்.

கண்டக்டர் அவர் ஓடிவருவதைப் பார்த்தார். பிறகு மனைவியின் உதட்டைப் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது. மச்சானைக் கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை. வீல்சேரைத் திருப்பிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி ஓடினார். பின்வாசல் சும்மா சாத்தியிருந்தது.

உள்ளே நர்ஸம்மா நின்றிருந்தார். ஆள் இல்லாமலே தினமும் மெஷினை ஓட்டிப் பார்த்து வைத்திருந்தவர் அவர். மனைவியை ஒரே ஒரு பார்வை பார்த்தார். படுக்கையில் இருந்த மகளிர் அணியிடம், "எந்திரிங்கம்மா," என்றார்.

"தலைவர் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப உங்களுக்கே குத்திடறேன்," என்று நர்ஸம்மா தடித்த ஊசியைக் கையில் எடுத்தார். மகளிர் அணி பின்வாசல் வழியாக விரைந்து வெளியேறியது.

மனைவியைப் படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றி, குழாய்களைப் பூட்டினார்கள். ரத்தம் குழாயில் ஏறி மெஷினுக்குள் போனது. மெஷின் மெல்ல உறுமத் தொடங்கியது. கண்டக்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இவ்வளவு நாள் இவ்வளவு பேர் சேர்ந்து செய்ய முடியாமல் இருந்த காரியம் இவ்வளவுதானா என்று நினைக்க அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"நாலு மணி நேரமாவது ஓடணும். நடுவுல நிறுத்தினா தாங்க மாட்டாங்க." நர்ஸம்மா முன்வாசலை எட்டிப் பார்த்தார். "அவர் உள்ள வந்துட்டார்னா பேச்சு உண்டு. தலைவர் பேசும்போது மெஷின் சத்தம் கேக்கக் கூடாது, நிறுத்திடணும்னு பெரிய டாக்டர் ஆர்டர் போட்டிருக்கார். நான் ஒருத்தி என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

கண்டக்டர் கண்ணாடிக் கதவுக்குப் போனார். அந்தப் பக்கம் தலைவர் மட்டும் தனியாக நின்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் கேமராவை மறைப்பதற்காக அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். டை கலைந்து, நெற்றியில் வியர்வை வழிந்தது. கிட்டத்தில் பார்த்தால் வயதான மனிதர். கேட்க ஆளில்லாமல் மிரண்டுபோன முகம். பயிற்சியின்மேல் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. கைப்பிடியை விரல்களால் வளைத்துப் பிடித்தார். கொஞ்சம் தன் பக்கம் சாய்ந்தார். அப்போதுதான் கண்ணாடிக்குப் பின்னால் கண்டக்டரைக் கண்டார். புருவத்தை உயர்த்தி, கையை முன்னும் பின்னும் ஆட்டி, இழுக்கவா, தள்ளவா என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். நாட்டின் தலைவர் ஒரு குடிமகனிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

கண்டக்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மூச்சு சற்றே நிதானப்பட்டிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் தலைவரை நேராகப் பார்த்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து முன்னால் நீட்டி, பலமாகத் தள்ளிக் காட்டினார்.

தலைவரின் முகம் மலர்ந்தது. நன்றியோடு தலையசைத்துவிட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார்.